300 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன், மாடியில் 15தான் வருகிறது: எதற்குச் செலவு செய்யலாம்?

20,000 ரூபாய் கொடுத்து வைஃபை 7 ரவுட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். தரைத்தளமும் மேலே ஒரு மாடியும் உள்ள சொந்த வீடு. கனெக்‌ஷன் கொடுத்தவர்கள் வாசலை ஒட்டிய ஹாலில் வைத்துவிட்டுப் போன ரவுட்டர். அதன் பக்கத்தில் நின்றால் போனில் 280 வருகிறது, மாடி பெட்ரூமில் 15. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆபீஸ் மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டு வருகிறது. கையில் 10,000 இருக்கிறது, கடைக்காரர் இன்னொரு 10,000 போடச் சொல்கிறார். ஆக, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஹாலுக்கு வந்த வேகம் ஏன் மாடி ஏறவில்லை, அதை ஏற்ற எதற்குச் செலவு செய்வது என்பதுதான். என் பதில்: வயருக்கு. ஹாலிலிருந்து மாடிக்கு கேட் 6 என்ற வகை லேன் கேபிள் ஒன்று, அதன் முனையில் சாதாரண வைஃபை 6 ரவுட்டர் ஒன்று. உங்கள் 10,000த்திலேயே முடித்துவிடலாம்.

கோயம்புத்தூரைச் சுற்றி வீடுகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் 14 வருஷமாக நெட்வொர்க் வயரிங் செய்கிறேன். வைஃபை பற்றிக் கேட்கிற பத்துப் பேரில் பாதிப் பேராவது உங்கள் கதையைத்தான் சொல்வார்கள்.

உங்கள் இரண்டு எண்களே நிறையச் சொல்லிவிடுகின்றன. ரவுட்டர் பக்கத்தில் 280 வருகிறது என்றால், அந்த நேரத்தில் தெருவிலிருந்து வரும் ஃபைபரும் சரி, ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்ற சுவரில் மாட்டியிருக்கும் ஓஎன்டி பெட்டியும் சரி, உங்கள் பிளானும் சரி. நஷ்டம் முழுக்க ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவில் நடக்கிறது. நடுவில் இருப்பது கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். ரவுட்டர் இரண்டு அலைவரிசையில் பேசுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட்டைத் தாண்டும்போது வெகுவாக அடிபட்டுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுமாராகத் தாண்டிவிடும், ஆனால் அது குறுகிய பாதை. அதில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பக்கத்து வீடுகளின் ரவுட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்த அலைவரிசையில்தான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மாடிக்குப் போனதும் உங்கள் போன் 5-ஐ விட்டு 2.4-க்கு இறங்கியிருக்கும், அதனால்தான் 15. இது கிட்டத்தட்ட உறுதி. மாடியில் நின்று, போனின் வைஃபை விவரத்தைத் தொட்டுப் பாருங்கள், எந்த அலைவரிசை என்று அதிலேயே போட்டிருக்கும்.

புதிய ரவுட்டர் ஏன் இதைத் தீர்க்காது? வைஃபை 7-இல் கூடுதலாக வந்தவை நல்ல விஷயங்கள்தான். 320 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமான சேனல், ஒரே சிக்னலில் அதிக பிட்டுகளை அடைக்கும் முறை, இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் வசதி. ஆனால் முதல் இரண்டும் ரவுட்டருக்குப் பக்கத்தில், சிக்னல் பலமாக இருக்கும்போதுதான் பலன் தரும். கான்கிரீட் தளத்தைத் துளைக்கும் சக்தி எதையும் அவை தருவதில்லை. இன்னொன்று, வைஃபை என்பது இரண்டு பக்கப் பேச்சு. மேலே எட்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் ரவுட்டர் எவ்வளவு பலமாகக் கூப்பிட்டாலும், பதில் சொல்ல வேண்டியது உங்கள் கையில் இருக்கும் போன். அதில் இருப்பது இரண்டு சின்ன ஆன்டெனா, ஒரு சின்ன பேட்டரி. அது பேசுவது கீழே கேட்கவில்லை என்றால் உறவு அங்கேயே அறுந்துவிடும். மீட்டிங்கில் உங்கள் குரல் மட்டும் மற்றவர்களுக்கு உடைந்து கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதையும் வாங்குவதற்கு முன் காசு செலவில்லாத ஒரு வேலையைச் செய்து பாருங்கள். ரவுட்டரை இடம் மாற்றுங்கள். வீட்டில் கான்கிரீட் இல்லாத ஒரே திறப்பு படிக்கட்டுதான். சிக்னலும் நம்மைப் போலவே படி ஏறித்தான் மேலே போகும். படிக்கட்டைப் பார்த்த சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ரவுட்டர் இருந்தால் மாடியின் முன்பக்கமாவது தெளியும். டிவிக்குப் பின்னால், பீரோ மேல், கண்ணாடி அலமாரிக்குள், ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைக்கக் கூடாது. போன வருஷம் ஒரு வீட்டில் ரவுட்டரை இரும்பு பீரோவின் தலையில், சுவரை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். உயரமாகத்தானே இருக்கிறது என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாடிப்படி இருந்த பக்கத்தை அந்த இரும்பு முழுசாக மறைத்துவிட்டது. ஆறு அடி தள்ளிப் படிக்கட்டுச் சுவரில் மாட்டியதும் மாடியில் அதுவரை வராத 5 கிகாஹெர்ட்ஸ் வர ஆரம்பித்தது. அங்கே வேறெதுவும் வாங்கவில்லை. உங்கள் ரவுட்டரும் ஓஎன்டியும் ஒரே பெட்டியாக இருந்தால் மட்டும் கவனம். பின்னால் வரும் மெல்லிய ஃபைபர் வயரை மடக்கக் கூடாது, ஆணியில் இறுக்கிக் கட்டக் கூடாது. கூர்மையாக வளைத்தால் உள்ளே ஓடும் ஒளி வெளியே கசிந்துவிடும், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு பெட்டியில் சிவப்பாக எரியும். நீளம் போதவில்லை என்றால் இழுக்காமல், கனெக்‌ஷன்காரரையே கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும்.

இடம் மாற்றியும் பின்பக்க பெட்ரூம் தேறாது என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் வயர். சுவரை உடைக்க வேண்டுமே என்று பயந்திருப்பீர்கள், பெரும்பாலும் தேவைப்படாது. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஹால் டிவி வரை ஒரு பைப் சுவருக்குள் புதைந்து வருகிறதா என்று பாருங்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் கட்டிய வீடுகளில் அநேகமாக இருக்கும், இப்போது அந்த டிவி வயர் சும்மாதான் கிடக்கும். அந்தப் பழைய வயரின் முனையில் புது கேட் 6 கேபிளை இன்சுலேஷன் டேப்பால் மெலிசாகச் சுற்றிக் கட்டி, மேலிருந்து ஒருவர் மெதுவாக இழுக்க, கீழிருந்து ஒருவர் தள்ளிக் கொடுத்தால் பழையது வெளியே வரும்போது புதியது உள்ளே போய்விடும். அந்த பைப் பெட்ரூமைத் தொடாவிட்டாலும் மாடியில் ஏதாவது ஒரு பெட்டியில் வெளியே வரும், அங்கிருந்து சுவரோரமாகக் கொண்டுபோகலாம். ஒன்றே ஒன்று, கரண்ட் வயர் போகும் பைப்பில் இதை நுழைக்காதீர்கள். எலக்ட்ரீஷியன் "இடம் இருக்கு சார்" என்பார். இடம் இருக்கலாம். இன்சுலேஷன் எங்காவது உரிந்தால் 230 வோல்ட் உங்கள் ரவுட்டருக்கும் அதைத் தொடுபவருக்கும் வந்துவிடும். வெளிச்சுவர் வழியாகத்தான் போக முடியும் என்றால், வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள் கேளுங்கள். துளையை வெளிப்பக்கம் சரிவாகப் போடச் சொல்லுங்கள், கேபிள் உள்ளே நுழையும் முன் ஒரு கை அளவு கீழே தொங்கி மேலே ஏறட்டும், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேபிளில் கேட் 6 போதும். 1 கிகாபிட்டை 100 மீட்டர் வரை கொண்டுபோகும், உங்களுக்குத் தேவை 20, 25 மீட்டர். அந்த நீளத்தில் நாளைக்கு 10 கிகாபிட் வந்தாலும் இதே கேபிள் தாங்கும். கேட் 7, கேட் 8 என்று ஆன்லைனில் விற்கும் தட்டையான வயர்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். விலையில் கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் ஒன்று உண்டு. முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அது எளிதில் ஒடியும், முனைகளில் சீக்கிரம் கெடும், நாளைக்கு அதன் வழியாகக் கேமராவுக்குக் கரண்ட் கொடுத்தால் சூடாகும்.

இந்த வேலையில் பெரும்பாலும் கெட்டுப்போவது கேபிளின் இரண்டு முனைகள்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு வீட்டில் கேபிள் போட்டு ஒரு மாதம் ஆகியும் மாடியில் 94-க்கு மேல் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். காலையில் 94, ராத்திரி 94, லேப்டாப் மாற்றினாலும் 94. இந்த எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்கு உடனே கேபிள் முனைதான் ஞாபகம் வரும். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். அதனால் மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி தொடாவிட்டாலும் பெரும்பாலான கருவிகள் நின்றுபோகாமல், சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதில் டேட்டாவோடு சேர்ந்து போகும் முகவரி விவரங்களின் சுமை போக ஸ்பீட் டெஸ்டில் தெரிவது 94 சொச்சம். அந்த வீட்டில் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழுப்புக் கம்பி மட்டும் முனைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றிருந்தது. வெட்டி எடுத்துவிட்டு, ஒரு அங்குலம் உறை உரித்து, கம்பிகளை விரலால் நீவி நேராக்கி வரிசைப்படுத்தினேன்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. அரை அங்குலம் விட்டு ஒரே நேராக நறுக்கி உள்ளே தள்ளி, எட்டுச் செம்புப் புள்ளிகளும் பிளாஸ்டிக்கின் முன்சுவரில் முட்டிக்கொண்டு தெரிகின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் கிரிம்பிங் கருவியை அழுத்தினேன். வெளி உறையும் கனெக்டரின் பல்லுக்குள் சிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை இழுபடும்போதும் கம்பிதான் வேதனைப்படும். மறுமுனையும் இதே வரிசை. மாட்டியதும் 290 வந்தது. உங்கள் வீட்டில் வேலை முடிந்ததும் ஆளை அனுப்புவதற்கு முன் ஒரு லேப்டாப்பை வயரில் மாட்டி, 1 கிகாபிட் என்று காட்டுகிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே 94 இன்னொரு காரணத்தாலும் வரும். விலை குறைந்த சில ரவுட்டர்களில் வைஃபை வேகம் 1200 என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும், பின்னால் இருக்கும் லேன் போர்ட் 100-தான். மாடிக்கு வாங்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எல்லா போர்ட்டும் கிகாபிட்டா?" அடுத்தது, "ஆக்சஸ் பாயின்ட் மோட் இருக்கிறதா?" இரண்டுக்கும் ஆமாம் என்றால், சாதாரண வைஃபை 6 ரவுட்டர் உங்கள் 300-க்குத் தாராளம். கீழ் ரவுட்டரின் நெட்வொர்க்கையே மாடியில் வைஃபையாகக் கொடுக்கும் அந்த மோடில்தான் போட வேண்டும். அப்படியே ரவுட்டராக விட்டுவிட்டால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் உருவாகி, மாடி லேப்டாப்பிலிருந்து கீழே இருக்கும் பிரின்டர் தெரியாமல் போகும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதையே கொடுங்கள். சேனல் மட்டும் வேறு: 2.4-இல் கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11, 5-இல் கீழே 36 என்றால் மேலே 149. 2.4-இன் அகலத்தை 20-லேயே வையுங்கள். 40 என்று மாற்றினால் வேகம் கூடும் என்று வீடியோக்களில் சொல்வார்கள், நெருக்கமான தெருவில் அது உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத் தொல்லை. மாடிக்குப் போன பிறகும் போன் கீழே உள்ளதையே பிடித்துக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். எதைப் பிடிப்பது என்று முடிவு செய்வது ரவுட்டர் இல்லை, போன். கீழ் ரவுட்டரின் சிக்னல் பலத்தை ஒரு படி குறைத்து வைத்தால் அநேகமாகச் சரியாகிவிடும்.

மெஷ் வாங்கினால் என்ன என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மெஷ் என்பது ஒரே வைஃபையாகச் சேர்ந்து வேலை செய்யும் இரண்டு மூன்று பெட்டிகள். வயர் போடவே முடியாத வாடகை வீட்டுக்கு அது நல்ல வழிதான். ஆனால் இரண்டு பெட்டிகளும் காற்றிலேயே பேசிக்கொள்ளும்போது, அதற்கென்று தனி ரேடியோ இல்லாத மாடல்களில் வேகம் சுமார் பாதியாகும், ஒரே ரேடியோ வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால். வாங்கினால் இரண்டாவது பெட்டியைச் சிக்னல் செத்த பெட்ரூமில் வைக்காதீர்கள், படிக்கட்டின் நடுத்திருப்பத்தில் வையுங்கள். தனக்கே கிடைக்காததை அது எப்படிக் கொடுக்கும்? கரண்ட் வயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர்களை நான் நான்கைந்து வீடுகளில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரே ஃபேஸில் இருந்த வீடுகளில் பரவாயில்லை. த்ரீ ஃபேஸ் வீட்டில் மாடி ஒரு ஃபேஸ், கீழே ஒரு ஃபேஸ் என்று இருந்தபோது கைவிட்டது. அதனால் திருப்பிக் கொடுக்க வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சாயங்காலப் பிரச்சினை வேறு. அதை உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. மூன்று பேர்மீது சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வேலையிலிருந்து திரும்பி 2.4-இல் கூட்டம் சேர்வது ஒன்று. உங்கள் வீட்டிலேயே யாருடைய போனோ வைஃபை கிடைத்ததும் அன்றைய போட்டோக்களை மேலே ஏற்ற ஆரம்பித்து அப்லோடை அடைத்துக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது, தெருவில் நெரிசல். வீட்டு ஃபைபரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரு ஃபைபரின் சுமார் 2.5 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன. அப்லோடுக்கு அதில் பாதி. அதற்கும் மேலே கம்பெனியின் வெளிப்பாதையிலும் நெரிசல் வரலாம்.

பிரித்தறிய ஒரு லேப்டாப் போதும். சாயங்காலம் ஆறரைக்கு அதை ஹால் ரவுட்டரில் வயரால் மாட்டி, ஒரு முகவரிக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பிங் கட்டளையை இரண்டு ஜன்னல்களில் ஓட விடுங்கள், ஒன்று ரவுட்டரின் முகவரிக்கு, இன்னொன்று வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு. ரவுட்டருக்குப் போவது 1 மில்லிசெகண்டில் நிலையாக நின்று, வெளியே போவது மட்டும் 20, 150, 30, 300 என்று குதித்தால் கோளாறு வீட்டுக்குள் காற்றில் இல்லை. அப்போது வீட்டில் எல்லாப் போன்களிலும் வைஃபையை அணைத்துப் பாருங்கள். குதிப்பது நின்றால் உங்கள் அப்லோடுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. ரவுட்டரில் நெரிசல் வராமல் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் என்ற வசதி இருந்தால், அதில் வேக வரம்பை உங்கள் உண்மையான வேகத்தில் 85, 90 சதவீதத்துக்கு வைத்தால் குரல் உடைவது நிற்கும். அது இல்லாத ரவுட்டர் என்றால் போட்டோ ஏற்றுவதை ராத்திரிக்குத் தள்ளி வையுங்கள். அணைத்தும் நிற்கவில்லை என்றால் கம்பெனிக்குப் போன் போட வேண்டியதுதான், அதை எந்த ரவுட்டராலும் சரிசெய்ய முடியாது. "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாமல், தேதி, நேரம், வயரில் எடுத்த எண்கள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஓஎன்டிக்கு வரும் ஒளியின் அளவு என்ன என்றும் கேளுங்கள். அதை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். மைனஸ் 18-இலிருந்து மைனஸ் 24 வரை என்றால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் ஜாயின்ட் எங்கோ கெட்டிருக்கிறது, ஆள் அனுப்பச் சொல்லலாம். வயரில் இரண்டு பிங்கும் நிலையாக இருந்து, மாடியில் வைஃபையில் ரவுட்டர் பிங்கே குதித்தால் அது காற்றின் வேலை, மேலே சொன்ன கேபிளோடு அதுவும் தீர்ந்துவிடும்.

தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றினால் வேகம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். ஒரு தளத்தின் முகவரியைக் கண்டுபிடிப்பது மட்டும்தான் சற்று வேகமாகலாம், 15 எம்பிபிஎஸ் 16 ஆகாது. டிவி ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் அதை வயரில் மாட்டிவிடுங்கள், காற்றில் அந்த இடம் மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

கரண்ட் போனால் மீட்டிங் நிற்கக் கூடாது என்றால் மினி யுபிஎஸ் ஒன்றல்ல, இரண்டு தேவைப்படும். கீழே ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் ஒன்று, மாடி பெட்டிக்கு ஒன்று. மாடிக்கானதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இன்வெர்ட்டர் லைன் இருக்கும் பிளக் பாயின்ட் மேலே இருந்தால் அதிலேயே மாட்டலாம். வாங்கும் முன் பழைய அடாப்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேபிள் இழுக்கும் அன்றைக்கு இரண்டு முனையிலும் ஒரு மீட்டர் கூடுதலாக விட்டுச் சுருட்டி வையுங்கள், கனெக்டர் கெட்டால் வெட்டிப் போட இடம் இருக்கும். கேபிளோடு சேர்த்து ஒரு நைலான் கயிற்றையும் பைப்புக்குள் விட்டுவிடுங்கள். மொட்டை மாடியில் கேமரா போட வேண்டும் என்று இன்னும் இரண்டு வருஷத்தில் உங்களுக்கே தோன்றும், அப்போது அந்தக் கயிறுதான் கை கொடுக்கும்.